பழைய றூட் கனாலைத் திறக்கும்போது கரைப்பானை எப்போது, எவ்வளவு விடுவது?

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை செய்யும் இளம் பல் வைத்தியர் ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, முன்பு றூட் கனால் செய்து அடைத்த பற்களைத் திறந்து மறுபடி செய்யவேண்டிய கேஸ்கள் நிறைய வருகின்றன. உள்ளே இருக்கும் கட்டா பேர்ச்சா அடைப்பைக் கரைத்து எடுக்கக் குளோரோஃபோம் விடலாமா? அது தடை செய்யப்பட்டது என்று ஒருவர் சொல்கிறார், ஓரேஞ்ச் எண்ணெய் போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். போன கிழமை கனடாவிலிருந்து வந்த ஒருவரின் கீழ்க் கடைவாய்ப் பல்லைத் திறந்து ஓரேஞ்ச் எண்ணெய் விட்டு விட்டுப் பார்த்தேன். முன்பக்கக் கால்வாய் இரண்டிலும் ஃபைல் (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய ஊசி) பாதிவழியில் நின்றுவிட்டது. அவருக்கு இன்னும் இரண்டு கிழமைதான் லீவு. என்ன செய்யலாம்?"

தங்கச்சி, முதலில் நேரடிப் பதில். குளோரோஃபோம் விடலாம், கவனமாக, துளித்துளியாக. பெரும்பாலான பற்களுக்கு ஓரேஞ்ச் எண்ணெயும் போதும். எந்தப் போத்தல் என்பதை இவ்வளவு பேர் விவாதிக்கிறார்கள், எந்த நேரத்தில் விடுவது என்பதை அநேகமாக ஒருவரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். அடைப்பின் மேல் பாதியைக் கையாலோ மெஷினாலோ எடுத்து முடித்த பிறகே கரைப்பானைத் தொட வேண்டும். பல்லைத் திறந்த கையோடு ஊற்றினால் வேலை சுலபமாவதாகத் தோன்றும். பிறகு அந்தச் சுலபத்துக்கு நீங்கள்தான் வட்டி கட்ட வேண்டும். ஏன் என்று விளங்க, கால்வாய்க்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கட்டா பேர்ச்சா மலாயாப் பக்கத்துக் காட்டு மரமொன்றின் பால். எங்கள் பாட்டன்மார் ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் வேலைக்குப் போன அதே மலாயா. எங்கள் இலுப்பையும் வன்னிப் பாலை மரமும் அதே தாவரக் குடும்பந்தான். இயற்கை றப்பரில் உள்ள அதே ஐசோபிரீன் சங்கிலிதான் இதிலும் இருக்கிறது, அணுக்கள் அமைந்த விதம் மட்டும் வேறு. அதனால் றப்பர் இழுபடும், இது சாதாரண வெப்பநிலையில் விறைப்பாக நிற்கும், சூடாக்கினால் இளகும். பல் வைத்தியத்தில் வேர்க்கால்வாயை அடைக்க இதைப் பயன்படுத்தும் வழக்கம் 1867-இல் பௌமன் என்ற அமெரிக்கரோடு தொடங்கியது என்று சொல்வார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இதை வெல்ல ஒரு பொருள் வரவில்லை. அதற்கு ஒரு முக்கிய காரணம், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம் என்பது.

நாம் கால்வாய்க்குள் வைத்து அடைக்கும் மெல்லிய குச்சியான பொயின்ற்றில் உண்மையான கட்டா பேர்ச்சா ஏறக்குறைய 20 சதவீதந்தான். 60 முதல் 75 சதவீதம் வரை துத்தநாக ஒக்சைட். மிச்சம் மெழுகு, பிசின், எக்ஸ்றேயில் வெள்ளையாகத் தெரிவதற்கான பேரியம் உப்பு. கரைப்பான் கரைப்பது அந்த ஐந்திலொரு பங்கைத்தான். துத்தநாக ஒக்சைட் தூள் எந்தக் கரைப்பானிலும் கரையாது. அதைப் பிடித்து வைத்திருந்த பசை போனதும் அது சேறாகிறது. அந்தச் சேறு கால்வாயின் சுவரில் படிகிறது, பக்கக் கிளைகளுக்குள்ளும் பல்லின் உட்படையான டென்ரினில் இருக்கும் நுண்குழாய்களின் வாய்க்குள்ளும் போய் இறுகுகிறது.

பலாப்பழம் வெட்டும்போது கையில் ஒட்டிய பாலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்ப்போமே, நியாயம் அதேதான். தண்ணீருக்கு அசையாதது எண்ணெய்க்கு இளகும். ஆனால் பாலை முதலில் வழித்து எடுக்காமல் எண்ணெயை ஊற்றித் தேய்த்துப் பாருங்கள், ஒரு விரலில் இருந்தது கை முழுக்கப் பரவும். வழித்து எடுத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் எண்ணெய் தொட்டால் சுத்தமாகப் போகும்.

மறுசிகிச்சை ஏன் செய்கிறோம்? உள்ளே இன்னும் கிருமி இருக்கிறது என்பதற்காக. தோல்வியடைந்த றூட் கனால்களில் அடிக்கடி காணப்படும் என்ரெரோகொக்கஸ் ஃபீக்காலிஸ் போன்றவை நுண்குழாய்களுக்குள் புகுந்து, சாப்பாடு குறைந்தாலும் தாக்குப்பிடிக்கக் கூடியவை. அவற்றை அடையவேண்டியது கிருமிகொல்லும் கழுவுநீரான சோடியம் ஹைப்போகுளோரைட். நாமே அந்த வாசல்களைக் கட்டா பேர்ச்சாச் சேற்றால் மெழுகி மூடிவிட்டால், பிறகு எவ்வளவு ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவினாலும் அது சுவரைத் தொடாது. எக்ஸ்றேயில் கால்வாய் வெறுமையாகத் தெரியும். மெல்லிய படலம் எக்ஸ்றேயில் தெரியாது. கரைப்பானை அதிகம் பாவித்த பற்களில் சுவரில் மிஞ்சும் படலமும் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீண்ட நேரம் பட்டால் குளோரோஃபோமும் சைலீனும் டென்ரினின் கடினத்தைக் குறைக்கும், பிறகு புது அடைப்பைச் சுவரோடு ஒட்டவேண்டிய பசையான பிசின் சீலரின் பிடிப்பையும் கெடுக்கும்.

சரி, பல்லுக்கு வருவோம். திறப்பதற்கு முதல் எக்ஸ்றேயை ஆறுதலாகப் பாருங்கள். நேராக ஒன்று, கோணம் மாற்றி ஒன்று. பழைய சிகிச்சை ஏன் தோற்றது என்பதற்கு ஒரு பதிலாவது கையில் இருக்க வேண்டும். தவறவிட்ட கால்வாயா (மேல் முதலாவது கடைவாய்ப் பல்லில் கன்னப்பக்க முன்வேரின் இரண்டாவது கால்வாய் இதற்குப் பேர்போனது), மேலே போட்ட மூடியான கிரவுண் கசிந்து உமிழ்நீர் இறங்கியதா, அடைப்பு வேரின் நுனிக்கு எட்டாமல் நின்றதா? வேர் நெடுக்காக வெடித்திருந்தால் எந்தக் கரைப்பானும் உதவாது, அந்தப் பல்லை நோயாளியின் காசில் திறக்கவே கூடாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கும் ஈறுப் பை, வேரின் பக்கம் சுற்றி வரும் கருநிழல், இவை இரண்டும் இருந்தால் நோயாளியோடு வேறு கதை பேச வேண்டும்.

அடைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதும் எக்ஸ்றேயில் தெரியும். பொயின்ற்றுக்கும் சுவருக்கும் இடையே கறுப்புக் கோடு இருந்தால் அது தளர்வான அடைப்பு. அதற்குக் கரைப்பானே வேண்டாம். பக்கத்தால் ஒரு ஹெட்ஸ்ட்ரம் ஃபைலை மெதுவாகத் திருகி இறக்கி, பிடித்ததும் நேராக மேலே இழுத்தால் பொயின்ற் முழுசாக வரும். ஒன்று போதாவிட்டால் இரண்டு மூன்று ஃபைலை இறக்கி ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்த்து இழுக்கலாம். முழுசாக ஒரு பொயின்ற் வெளியே வருவதைவிடச் சுத்தமான மறுசிகிச்சை கிடையாது, சுவரில் ஒரு துளி சேறு படாது.

நுனியைத் தாண்டி எலும்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பொயின்ற்றில் இது இன்னும் முக்கியம். அங்கே கரைப்பான் விட்டால் நடுப்பகுதி இளகி அறுந்துவிடும், வெளியே நின்ற துண்டு எலும்பிலேயே தங்கிவிடும், பிறகு சத்திரசிகிச்சைதான். இப்படிப்பட்ட பல்லில் ஹெட்ஸ்ட்ரம்மால் பிடித்து இழுக்கும் முயற்சியை முழுமையாகச் செய்து பார்க்கும்வரை கரைப்பான் போத்தலைத் திறக்காதீர்கள்.

இறுக்கமாக அடைத்த கால்வாய்தான் மிச்சம். பல்லைத் தனியாக்கும் றப்பர் விரிப்பான றப்பர் டாம் போட்டு, பழைய கிரவுணையும் அதன் அடியில் உள்ள சொத்தையையும் முழுக்க எடுத்து, கால்வாய் வாய்கள் தெளிவாகத் தெரியும்படி திறவுங்கள். மேல் மூன்றிலொரு பங்கை கேற்ஸ் கிளிடன் என்ற துளைகருவியாலோ சூடாக்கிய கருவியாலோ எடுக்கலாம். மறுசிகிச்சைக்கென்றே வரும் றொட்டரி ஃபைல்கள் இருந்தால் இன்னும் நல்லது. புரோடேப்பர் தொகுதியில் டி1, டி2, டி3 என்று மூன்று இருக்கும், நீளம் 16, 18, 22 மில்லிமீற்றர். மேல், நடு, கீழ் என ஒவ்வொரு பங்குக்கும் ஒன்று. டி1-இன் நுனி வெட்டும் நுனி, அதனால் அதை வளைவுக்குள் தள்ளக்கூடாது. இந்த ஃபைல்கள் 500 முதல் 700 சுற்று வேகத்தில் ஓடும்போது உராய்வுச் சூட்டிலேயே கட்டா பேர்ச்சா இளகி, ஃபைலின் பள்ளங்களில் சுருண்டு மேலே வந்துவிடும். கரைப்பான் இல்லாமலே நடுப்பங்குவரை இப்படிப் போய்விடலாம். அழுத்த வேண்டாம். ஃபைல் தானாகப் போகும்வரை போகட்டும், நின்றால் எடுத்துத் துடையுங்கள்.

நடுப்பங்கைத் தாண்டி, வளைவு தொடங்கும் இடத்தில் ஃபைல் நின்று வழுக்கத் தொடங்கினால் அதுதான் கரைப்பானின் நேரம். இப்போது மேல்பாதி ஒரு சின்னக் கிணறாக உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குள் ஒரு துளி, கூடினால் இரண்டு. பூட்டும் இடுக்கியின் இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு துளி தானாக நிற்கும், அதை அப்படியே கொண்டுபோய்க் கால்வாயின் வாயில் தொட்டால் இறங்கிவிடும். ஓரிரு நிமிடம் பொறுங்கள். நுனியை முன்கூட்டியே வளைத்த 10 அல்லது 15 ஆம் இலக்கக் கே ஃபைலால் மெதுவாகக் கொத்துங்கள். பிடிக்கிற மாதிரி ஒட்டும் உணர்வு வந்தால் நல்ல அறிகுறி, அது கட்டா பேர்ச்சா. கல்லில் தட்டுகிற மாதிரி இருந்தால் அது சுவரில் வெட்டுப்பட்ட படி அல்லது வேறு பொருள். தள்ளாதீர்கள், வளைவைத் திருப்பித் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபைலைத் துடைத்து, மங்கிய கரைசலை பேப்பர் பொயின்ற் என்ற உறிஞ்சும் காகிதக் குச்சியால் உறிஞ்சி எடுத்து, புதுத் துளி விடுங்கள். பழைய துளியிலேயே தொடர்ந்து கொத்தினால் நீங்கள் செய்வது சேறு கலக்கும் வேலைதான்.

கடைசி இரண்டு மூன்று மில்லிமீற்றரில் நான் கரைப்பானைத் தேங்க விடுவதில்லை. ஃபைலை நனைத்து, அந்த ஈரத்தோடு மட்டும் போவேன். நுனியால் வெளியே தள்ளப்படும் சேறும் கரைப்பானும்தான் மறுநாள் நோயாளிக்கு வரும் வலிக்கு ஒரு காரணம். கால்வாயின் நீளத்தை மின்சாரத்தால் அளக்கும் அப்பெக்ஸ் லொக்கேற்றரும் இந்த நேரத்தில் பொய் சொல்லும். கரைப்பான் மின்சாரத்தைக் கடத்தாது, சுவரில் உள்ள மிச்சமும் குழப்பும். முழுக்க உலர்த்தி, ஹைப்போகுளோரைட்டால் ஈரமாக்கி, பிறகு நீளம் எடுங்கள். அதையும் எக்ஸ்றேயில் ஒருமுறை சரிபாருங்கள்.

நுனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கரைப்பானுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. என் கணிப்பில் அதன் மிகச்சிறந்த பயன் இதுதான், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். பெரும்பகுதி போய்விட்டது, சுவரில் மட்டும் படலம். இப்போது கால்வாயை நுனிக்குச் சற்று மேலேவரை கரைப்பானால் நிரப்பி, உடனே பேப்பர் பொயின்ற்றை இறக்கி உறிஞ்சுங்கள். பொயின்ற் இளஞ்சிவப்பாக வரும். திரும்ப நிரப்பி, திரும்ப உறிஞ்சுங்கள். வெள்ளையாக இறங்கியது வெள்ளையாகவே வரும்வரை. கரைந்ததை வெளியே எடுப்பது இந்த உறிஞ்சல்தான், அதை விட்டுவிட்டால் கரைத்ததில் பயனில்லை. கடைசியில் மதுசாரத்தால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே ஹைப்போகுளோரைட். கரைப்பான் உள்ளே இருக்கும்போது ஹைப்போகுளோரைட்டைச் சேர்க்க வேண்டாம், இரண்டும் ஒன்றின் வேலையை ஒன்று கெடுக்கும். சுவர்ப் படிவை நீக்கும் 17 சத ஈடிடிஏ கரைசல், அல்ட்ராசொனிக்கால் ஒரு கலக்கல், திரும்ப ஹைப்போகுளோரைட். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து பாருங்கள். வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் சுவரில் லூப் போட்டால் இளஞ்சிவப்புத் திட்டு தெரியும்.

இனிக் குளோரோஃபோம் விவகாரம். எடின்பரோவில் சிம்சன் என்ற வைத்தியர் இதை மயக்க மருந்தாகப் பாவிக்கத் தொடங்கியது 1847-இல். டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியதும் அதே வருடம். மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். நாங்கள் பேராதனையில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, ஒரு ஃபைலை எப்படித் திருகுவது என்றுகூடத் தமிழில் எழுதக் கூச்சப்படுகிறோம். அவருடைய ஊரில் இருந்துகொண்டு அப்படி இருக்கக்கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தடை என்ற பேச்சு 1976-இல் வந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ, மருந்துகளிலும் அழகுசாதனங்களிலும் குளோரோஃபோமைச் சேர்ப்பதைத் தடுத்தது. அதுவரை இருமல் மருந்திலும் பற்பசையிலும்கூட அது இருந்தது. பல் வைத்தியர் ஒரு துளியைக் கால்வாய்க்குள் விட்டு உறிஞ்சி எடுப்பதை அந்த உத்தரவு தடுக்கவில்லை. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் நீண்டநாள் அதிக அளவில் கொடுத்தபோது புற்றுநோய் வந்ததால், மனிதருக்குப் புற்றுநோய் வரச் சாத்தியமுள்ளவை என்ற 2பி பிரிவில் அது வைக்கப்பட்டிருக்கிறது. பல் சிகிச்சை அறையில் காற்றை அளந்து பார்த்த ஆய்வில், கவனமாகப் பாவித்தபோது அளவு தொழிலிட எல்லைக்கு நன்றாகக் கீழே இருந்தது. நுனியால் வெளியேறும் அளவும் நச்சு அளவுக்கு மிகக் குறைவு என்று காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே நோயாளிக்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது உங்களுக்கும் உங்கள் உதவியாளருக்கும். நோயாளி வாழ்நாளில் ஒருமுறை இரண்டுமுறைதான் அதை மணப்பார். நீங்கள் கிழமைக்குக் கிழமை. அமெரிக்கத் தொழிலிடச் சட்டத்தின் உச்ச எல்லை பத்து லட்சத்தில் 50 பங்கு. குளோரோஃபோமின் இனிப்பு மணம் மூக்குக்குத் தெரிய வரும்போது அநேகமாக அந்த எல்லை தாண்டியிருக்கும். ஆக, அறையில் மணம் வருகிறது என்றாலே நீங்கள் அதிகமாக விடுகிறீர்கள் என்று அர்த்தம். அது 61 பாகையிலேயே கொதிக்கும் திரவம், எங்கள் சித்திரை வெயிலில் திறந்து வைத்த கிண்ணத்திலிருந்து கண்ணுக்கு முன்னால் மறையும். யாழ்ப்பாணத்துக் கிளினிக் அறைகளில் பெரும்பாலும் சுவரில் மாட்டும் ஏசிதான். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்த்தும். ஆகவே குளோரோஃபோம் விடும் நேரம் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறவுங்கள். சக்ஷன் பல்லின் பக்கத்தில் இருக்கட்டும். உதவியாளர் கர்ப்பமாக இருந்தால் அன்று அந்தப் போத்தலை எடுக்கவே வேண்டாம்.

சாமான்கள் விஷயமும் இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில், அன்றைக்குத் தேவையான சில துளிகள் மட்டும். பிளாஸ்ரிக் கிண்ணம் இளகும், ஊசிக் குழலின் றப்பர் முனை வீங்கும். றப்பர் டாமில் ஒரு துளி விழுந்தால் அங்கே ஓட்டை. கையுறை வழியாகவும் சில நிமிடங்களில் ஊடுருவும், நனைந்தால் உடனே மாற்றுங்கள். போத்தல் தவிட்டு நிறக் கண்ணாடியாக இருக்க வேண்டும், இருட்டில், குளிர்ந்த இடத்தில். வெளிச்சமும் காற்றும் பட்ட குளோரோஃபோமில் பொஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும். நெருப்பு பட்டாலும் அதேதான், ஆகவே கட்டா பேர்ச்சாவைச் சூடாக்கி எடுக்கும் வேலையெல்லாம் குளோரோஃபோமைத் திறக்க முதலே முடிந்திருக்க வேண்டும்.

மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எங்கள் தரை சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது எதுவும் கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது நாம் எல்லோரும் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். குளோரோஃபோம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியானது, அது மிதக்கவும் செய்யாது, அடியில் போய்த் தங்கும். இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் சேர்த்துவைத்து, இரசாயனக் கழிவு ஏற்கும் இடத்தில் கொடுங்கள். ஒரு பல்லுக்கு ஒரு மில்லிலீற்றருக்குள் முடித்தால் சேருவதும் கொஞ்சந்தான்.

குளோரோஃபோம் என்றதும் சில நோயாளிகள் திடுக்கிடுவார்கள். படத்தில் வில்லன் கைக்குட்டையை மூக்கில் வைத்த மறுநொடி கதாநாயகி சாய்ந்துவிடுவாள், அவர்களுக்குத் தெரிந்த குளோரோஃபோம் அது. நேரில் ஒருவர் மயங்க அதை நிமிடக்கணக்கில் மூச்சிழுக்க வேண்டும், பல்லுக்குள் விடும் துளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை முதலே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், வேறு வழி இருக்கிறது.

அந்த வேறு வழிகளில் ஓரேஞ்ச் எண்ணெய்தான் என் அன்றாடத் தெரிவு. அதில் வேலை செய்வது தோடம்பழத் தோலில் உள்ள லிமொனீன். மெதுவாகத்தான் இளக்கும், ஆவியாவது குறைவு, மணமும் பயமுறுத்தாது. குளோரோஃபோம் ஒரு நிமிடத்தில் செய்வதற்கு இதற்கு இரண்டு மூன்று மடங்கு பொறுமை வேண்டும். பழைய போத்தல் காற்றுப்பட்டுப் போனால் தோலில் ஒவ்வாமை வரலாம், திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். யூக்கலிப்டோல் இன்னும் மெதுவானது, சூடாக்கினால்தான் உருப்படியாக வேலை செய்யும். தடிமலுக்கு வீட்டில் வைத்திருக்கும் யூக்கலிப்டஸ் எண்ணெயை இதற்கு எடுக்க வேண்டாம், அதில் யூக்கலிப்டோலோடு வேறு பொருட்களும் கலந்திருக்கும். ஹலோத்தேனைப் பற்றிப் பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள், ஈரலைத் தாக்கும் என்ற பயமும் விலையும் சேர்ந்து அதை ஒதுக்கிவிட்டன. சைலீனைத்தான் நான் அறவே விரும்புவதில்லை. திசுக்களுக்குக் கெடுதி, நரம்புக்குக் கெடுதி, அதோடு அதன் ஆவி ஏறக்குறைய 27 பாகையிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான பகல்கள் அதைவிடச் சூடு.

இனி உங்கள் கனடா நோயாளி. ஓரேஞ்ச் எண்ணெய் மெதுவானது என்பதால் மட்டும் இரண்டு கால்வாயும் நடுவழியில் ஒரேமாதிரி நின்றிருக்காது. அங்கே கரையாத ஏதோ இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கட்டா பேர்ச்சா கரையும், துத்தநாக ஒக்சைட்டும் யூஜெனோலும் சேர்ந்த பழைய சீலரும் ஓரளவு இளகும். ஏஎச் பிளஸ் போன்ற எப்பொக்சிப் பிசினை ஓரேஞ்ச் எண்ணெய் அசைக்காது, குளோரோஃபோம் ஓரளவு அசைக்கும். இப்போது வெளிநாடுகளில் பரவலாகப் போடப்படும் பயோசெராமிக் சீலர் இறுகினால் சீமெந்துத் தன்மை, அதற்கு நடைமுறையில் கரைப்பானே கிடையாது. அந்தக் கால்வாயில் நடுவில் உள்ள பொயின்ற்தான் உங்கள் பாதை. பொயின்ற்றைக் கரைத்து அதன் தடத்திலேயே இறங்கலாம், பொயின்ற் முடிந்த இடத்துக்குக் கீழே சீலர் மட்டும் இருந்தால் அல்ட்ராசொனிக் நுனியால் பொறுமையாகத்தான் போக வேண்டும். சில பற்களில் நுனிவரை போகவே முடியாது.

இன்னொரு சாத்தியம், நடுவில் தாங்குதண்டு வைத்த அடைப்பு. தேர்மாஃபில் என்ற வகையில் பிளாஸ்ரிக் தண்டு இருக்கும். தண்டைச் சுற்றியுள்ள கட்டா பேர்ச்சாவைத்தான் கரைப்பான் இளக்கும், பிறகு பக்கத்தால் ஹெட்ஸ்ட்ரம் இறக்கித் தண்டைப் பிடித்து எடுக்க வேண்டும். கட்டாகோர் என்ற வகையில் தண்டே குறுக்குப் பிணைப்புக் கொண்ட கட்டா பேர்ச்சா, அது கரையாது, றொட்டரியால் அரைத்து எடுக்கலாம். பல் செங்கல் நிறமாக இருந்தால் ரெசோர்சினோல் ஃபோமல்டிஹைட் பசை என்று சந்தேகியுங்கள். ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா, சீனா, இந்தியப் பக்கங்களில் முன்பு நிறையப் போட்டார்கள். நன்றாக இறுகிய அந்தப் பசைக்கும் கரைப்பான் இல்லை.

எது என்று ஊகிப்பதைவிடக் கேட்பது சுலபம். கனடாவில் உள்ள அவருடைய பல் வைத்தியருக்கு நோயாளியையே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: எந்தச் சீலர், எந்த அடைப்பு முறை, வேலை செய்த நீளம் எவ்வளவு, முதல் எக்ஸ்றே இருந்தால் அதுவும். அங்கே பதிவுகளை வைத்திருப்பார்கள், நோயாளி கேட்டால் கொடுப்பார்கள். பதில் வரும்வரை கால்வாய்க்குள் கல்சியம் ஹைட்ரொக்சைட் வைத்து மேலே இறுக்கமாக மூடிவையுங்கள். எப்பொக்சி என்று பதில் வந்தால், மேலே சொன்ன கவனங்களோடு குளோரோஃபோம் இரண்டு துளி. பயோசெராமிக் என்றால் கரைப்பானை மூடிவைத்துவிட்டு, மைக்கிரஸ்கோப் உள்ள ஒருவரிடம் அனுப்புங்கள்.

இரண்டு கிழமை போதுமா என்று கேட்டால், திறந்தாகிவிட்டதால் சுத்தம் செய்து மருந்து வைக்கவாவது போதும். நல்லூர்த் திருவிழாவோடு வந்து இறங்கி, தேருக்கும் தீர்த்தத்துக்கும் நடுவில் றூட் கனாலை மறுபடி செய்து கிரவுணும் போட்டு அனுப்பு என்று கேட்பவர்களிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: மறுசிகிச்சை எல்லாப் பல்லிலும் வெல்வதில்லை, ஏறக்குறைய முக்கால்வாசிப் பற்களில்தான் வெல்கிறது, நுனியில் பெரிய நிழல் இருந்தால் அதிலும் குறைவு, அவசரப்பட்டால் இன்னும் குறைவு. உங்கள் நோயாளிக்கும் இதையே சொல்லுங்கள். நுனிவரை போக முடியாமல் போனால், போன இடம்வரை நன்றாகச் சுத்தம் செய்து, மருந்து வைத்து மூடி, எந்தக் கால்வாயில் எந்த நீளத்தில் ஃபைல் நின்றது, எந்தக் கரைப்பான் எவ்வளவு விட்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி எக்ஸ்றேயோடு கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே தொடர்பவருக்கு அது போதும். பதில் வந்ததும், பெயரை மறைத்து எக்ஸ்றேயை எனக்கும் அனுப்புங்கள், அந்த வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.